மூன்றாம் வகுப்பில் பாலினப் பாடம்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்திடலாமா?

கேள்வி: ராமமூர்த்தி நகர் அம்மா

வணக்கம். பெங்களூரில் பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு கருத்துக் கேட்க வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவளுடைய பள்ளியிலிருந்து சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த பருவத்திலிருந்து ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு, வாரம் ஒரு பாடவேளையில், பாலினம் பற்றியும் பாலீர்ப்பு (யார்மீது ஈர்ப்பு வரும் என்பது) பற்றியும் நான்கு படக்கதைகளைக் கொண்டு பாடம் நடத்தப் போகிறார்களாம். கதைக்கு ஒரு வரிதான் விவரம் தந்திருந்தார்கள். முதலாவது, பரதம் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு சிறுவனின் கதை. இரண்டாவது பலவகைக் குடும்பங்களைப் பற்றியது. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, அப்பா மட்டும் உள்ள பிள்ளை, இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை என்று வருகிறது. மூன்றாவதில், சித்தப்பா என்று அழைத்து வந்தவரை இனி அத்தை என்று அழைக்க ஒரு வீடு பழகிக்கொள்கிறது. நான்காவது, உடலின் அந்தரங்க உறுப்புகளையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் பற்றியது.

அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெரும் விவாதம் மூண்டது. நான்கு கதைகளையும் முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு மனு எழுதி, எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார்கள். என் கணவர், "எல்லாரும் போடும்போது நாம் மட்டும் ஏன் தனித்து நிற்க வேண்டும்?" என்கிறார். நானும் போட்டிருப்பேன். ஆனால் சுற்றறிக்கை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த ஒன்று என் கையைத் தடுக்கிறது.

மகள் செல்லும் பள்ளி வேனில் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள்தாம். அவர்களுள் நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன், மென்மையாகப் பேசுவான், பெண் பிள்ளைகளோடுதான் விளையாடுவான். வேனில் அவனை எல்லாரும் "ஒன்பது" என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவனுடைய அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோதுதான் தெரிந்தது. கூப்பிடுகிறவர்களில் என் மகளும் ஒருத்தி. அழைத்துக் கேட்டேன். அவளுக்கு அதன் பொருளே தெரியவில்லை. பெரிய அண்ணன்மார் சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள், தானும் சொன்னாள், அவ்வளவுதான். "ஒம்பது கெட்ட வார்த்தையாம்மா? அப்ப டேபிள்ஸ் எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இனிமேல் அப்படிக் கூப்பிடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் கூப்பிடக் கூடாது என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொற்களில் சொல்வது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வயதுக்கு இந்தப் பாடம் உரியதுதானா? கையெழுத்திடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஒயிட்ஃபீல்டு அப்பா

சகோதரி, நானாக இருந்தால் கையெழுத்திடுவேன். காரணத்தை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். இதை வெறுப்பு என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையனை வேனில் அப்படி அழைத்தது கொடுமை. அதை நிறுத்த வேண்டிய கடமை நமக்கும் பள்ளிக்கும் உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியை சொல்வதுதான் வேதவாக்கு. நாம் சொல்வதைக்கூட "எங்க மிஸ் அப்படிச் சொல்லலையே" என்று மறுத்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே முழுமையாகக் காட்டாமல், கதைக்கு ஒரு வரி எழுதி அனுப்புவது எந்த வகையில் சரி? கணக்குப் புத்தகத்தை ஜூன் மாதமே கையில் கொடுக்கிறார்கள். இதை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?

கதைகளைச் சேர்த்திருக்கும் முறையும் எனக்குத் தவறாகப் படுகிறது. பரதம் ஆடும் சிறுவனின் கதையையும் சித்தப்பா அத்தையாகும் கதையையும் ஒரே கட்டில் வைத்து அடுத்தடுத்த வாரங்களில் சொன்னால், ஆடுகிற பையனெல்லாம் நாளைக்குப் பெண்ணாகிவிடுவான் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். வேனில் அந்தப் பையனுக்கு வைத்த பெயர் அப்போது இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

என் தங்கை அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டியில் இருக்கிறாள். அங்கே 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள முதலில் இடம் கொடுத்தவர்கள், 2023 மார்ச்சில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். முஸ்லிம் பெற்றோரும் கிறித்தவப் பெற்றோரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பெற்றோர் பக்கம் நின்றது. அவ்வளவு முன்னேறிய நாட்டிலேயே பெற்றோரின் சம்மதம் முதன்மையானது என்றால், நமக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? ஆறாம் வகுப்புக்கு மேல், பிள்ளைகளுக்கே கேள்விகள் எழும் வயதில் நடத்தட்டும். நானே முன்னின்று ஆதரிப்பேன்.

பதில் 2: பத்தொன்பது ஆண்டு ஆசிரியை

அம்மா, நான் இதே ஊரில் தொடக்க வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் நடத்துகிறவள். இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். மேலே எழுதியுள்ள ஐயாவின் கருத்தில் ஒரு பகுதியை அப்படியே ஏற்கிறேன். பரதம் ஆடும் சிறுவனை மூன்றாவது கதைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அந்தக் கதையைத் தொழில்கள் பற்றிய பாடத்தோடு, சமையல் செய்யும் அப்பா, பேருந்து ஓட்டும் அம்மா ஆகியோரோடு சேர்த்துத்தான் நான் சொல்வேன். யாரும் எந்த வேலையையும் கலையையும் செய்யலாம் என்பதோடு அது முடிந்துவிட வேண்டும்.

ஆனால் வயது பற்றி அவர் சொல்வதை என் அனுபவம் ஏற்க மறுக்கிறது. பிள்ளைகளுக்குக் கேள்வி ஆறாம் வகுப்பில் எழுவதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே "நீ ஏன் பிங்க் பாட்டில் வச்சிருக்கே?" என்று தொடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் அது பட்டப்பெயராக மாறுகிறது. ஆறாம் வகுப்பு வரும்போது பட்டப்பெயர் கெட்டிப்பட்டுவிடுகிறது, அதன் பிறகு பேசுவது மிகக் கடினம். உங்கள் மகள் பொருள் தெரியாமல் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் தெரிவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பெற்றோரைப் பெரிதும் கலங்கச் செய்வது சுற்றறிக்கையில் உள்ள சொற்கள் என்று நினைக்கிறேன். "ஜென்டர் அண்ட் செக்ஷுவாலிட்டி" என்று ஆங்கிலத்தில் எழுதும்போது பலருடைய கண் இரண்டாவது சொல்லில்தான் நிலைகுத்தி நிற்கிறது. தமிழில் ஆண், பெண் என்பது போன்ற அடையாளமான பாலினம் வேறு, பாலீர்ப்பு வேறு, உடலுறவு சார்ந்த பாலியல் வேறு. எட்டு வயதுக்கு உரியவை பாலினம் பற்றிய எளிய செய்திகளும், குடும்பங்கள் பலவகைப்படும் என்பதும், தன் உடல் தனக்குரியது என்பதும்தான். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியிலும் ஐந்து முதல் எட்டு வயதுக்குக் குடும்பங்களின் வகைகள், நட்பு, உடலுறுப்புகளின் பெயர்கள் போன்றவையே தொடக்கமாக வைக்கப்பட்டுள்ளன. படுக்கையறைச் செய்தி எதையும் இந்த வயதில் எந்த ஆசிரியையும் தொடப் போவதில்லை. தொட்டால் நீங்கள் புகார் செய்ய வேண்டும், நானும் உங்களோடு வருவேன்.

பலவகைக் குடும்பங்கள் என்பதும் நேற்று வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கன்று. மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில் அதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. அதை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதில் தாரா என்ற சிறுமி சென்னையில் அம்மாவோடும் தாத்தாவோடும் வாழ்கிறாள். அவளுடைய அம்மா திருமணம் செய்துகொள்ளாதவர், தாராவைத் தத்தெடுத்து வளர்ப்பவர். அந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வோர் ஆண்டும், வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை, அப்பாவைப் பற்றிக் கேட்டாலே மேசைக்கு அடியில் பென்சிலைத் தேடப் போய்விடும் ஒரு பெண் குழந்தை, தாராவின் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு பாடவேளை முடியும்வரை எடுக்கவே இல்லை. அன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது, அவள் வீட்டிலும் அம்மாவும் தாத்தாவும் மட்டுமே என்று.

இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று நாம்தான் நடுங்குகிறோம். தோழி ஒருவர் தம் வகுப்பில் சொன்னபோது வந்த முதல் கேள்வி, "மிஸ், ரெண்டு பேருல டிபன் யார் கட்டுவாங்க?" என்பது. அடுத்த கேள்வி, பாப்பா எப்படி வந்தது என்பது; தாராவைப் போலத் தத்தெடுத்தார்கள் என்றதும் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

"நல்ல தொடுதல், தீய தொடுதல்" பாடத்தையும் தொடக்கத்தில் இதே போல எதிர்த்தார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்த பிறகும், உறுப்புகளின் பெயரை வகுப்பில் சொன்னதற்காக என்னிடம் சண்டைக்கு வந்த அப்பாக்கள் உண்டு. இன்று அதே பெற்றோர்தாம் சேர்க்கையின்போதே "அந்த வகுப்பு எடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள்.

என்னுடைய அச்சம் வேறு. பள்ளிகள் இந்தப் பாடத்தை வெளியிலிருந்து வரும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அவர் வந்து, திரையில் படம் காட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் பிள்ளைகள் கேள்வியோடு வந்து நிற்பது வகுப்பாசிரியையிடம். அவருக்கோ எந்தப் பயிற்சியும் இருக்காது. பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒன்ற முடியாத திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் விளக்கம் கேட்ட சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. கழிப்பறை, சீருடை என்று எங்களைப் போன்றவர்களுக்கு அன்றாடம் பயன்படக்கூடிய செய்திகளைக் கொண்டிருந்த கையேடு அது. அது போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஆகவே அம்மா, அந்த மனுவில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் வகுப்பாசிரியைக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மகளிடம் சொல்ல வேண்டியதற்குப் பெரிய சொற்கள் தேவையில்லை: "ஒன்பது ஓர் எண். அதை ஒருவருக்குப் பெயராக வைத்தால், நீ பையனே இல்லை என்று அவரைக் கேலி செய்வதாகப் பொருள். அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே இருக்கலாம், அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு." இவ்வளவு போதும்.

பதில் 3: மர்ஃபி டவுன் அம்மா

இதுவரை இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மூத்த மகனுக்கு இப்போது 21 வயது. அவன் திருநம்பி. பிறந்தபோது மகள் என்று பெயரிட்டோம், மூக்குக் குத்தினோம், பாவாடை தைத்தோம். மூன்றாம் வகுப்பில் அவனுக்குப் பள்ளிச் சீருடை நீல நிறப் பினஃபோர். புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெள்ளை டீ ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும். அந்த இரண்டு நாட்களில் பல் துலக்கிவிட்டுத் தானே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். மற்ற நான்கு நாட்களில் ஒவ்வொரு காலையும் எங்கள் வீட்டில் போர்க்களம். பினஃபோரின் மடிப்புகளைக் கையால் நீவி நீவித் தட்டையாக்கப் பார்ப்பான். அடம் என்றார் வகுப்பாசிரியை. அடம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருமுறை அடித்தும் விட்டேன்.

அந்த ஆண்டு அவனுக்கு மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மூன்றாவது முறை மருத்துவர், "பிள்ளை பள்ளியில் தண்ணீர் குடிக்கிறதா?" என்று கேட்டார். அன்று மாலை வேனிலிருந்து இறங்கியவனிடமிருந்து பாட்டிலை வாங்கினேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த கனம் அப்படியே இருந்தது. பெண்கள் கழிப்பறைக்குப் போக நேரக் கூடாது என்பதற்காக, எட்டு வயதுப் பிள்ளை ஏழு மணி நேரம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறது. அவனுக்கும் அதைச் சொல்லச் சொல் இல்லை, எனக்கும் கேட்கச் சொல் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு, கைப்பேசியில் திருநம்பி என்ற சொல்லைக் காட்டி, "அம்மா, இதுதான் நான்" என்றான்.

இத்தகைய கதைகளைச் சொன்னால் பிள்ளைகள் அப்படி ஆகிவிடுவார்கள் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அவன் பள்ளியிலும் இப்படி ஒரு கதையை யாரும் எப்போதும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே கதைகளைத்தான் அவனுக்கும் சொன்னோம்.

உறவுச் சொல் மாறுவதைப் பற்றிய கதை என்பதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் அவனிடம் பேசவே திணறிக்கொண்டிருந்தபோது, அப்போது நான்காம் வகுப்பில் இருந்த என் இளைய மகள்தான், ஒருநாள் சாப்பிடும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "அண்ணா, ரசத்தை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள். நானும் அவர்களுடைய அப்பாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவன் ரசத்தைத் தள்ளினான். எங்களுக்கு ஓராண்டு பிடித்ததை அந்தக் குழந்தை ஒரு வேளைச் சோற்றில் செய்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரியாது என்று என்னால் இனி எவரிடமும் சொல்ல முடியாது.

ஒயிட்ஃபீல்டு ஐயா, கதையை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் ஆறாம் வகுப்புவரை காத்திருக்கச் சொல்கிறீர்களே, என் மகனுக்கு அந்த மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? உங்கள் பிள்ளையின் வகுப்பில் இப்போது ஒரு பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பிக்கொண்டிருக்கலாம்.

பதில் 4: அல்சூர் வழக்கறிஞர்

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் வாட்ஸ்அப் குழுக்களில் இது பற்றித் தவறான செய்திகள் பரவுகின்றன.

திருநர் தம்மைத் தாமே ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் ஏற்றது. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களையும் அரசின் அங்கீகாரம் பெற்றவற்றையும் திருநர் மாணவர்களுக்குப் பாகுபாடில்லாமல் உள்ளடக்கிய கல்வி தரக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் பள்ளியும் அங்கீகாரம் பெற்றதாயின் இதற்குள் வரும். இன்ன கதையை இன்ன வகுப்பில் சொல் என்று அந்தப் பிரிவு கூறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளி, சட்டம் சொல்வதால் இந்த நான்கு கதைகளையும் நடத்துகிறோம் என்று கூறினால் அது மிகைப்படுத்தல். பெற்றோர், இது சட்டத்துக்கு எதிரானது என்று கூறினால் அதுவும் தவறு.

மேரிலாந்து வழக்கைப் பற்றி ஐயா எழுதியவை சரியே. ஆனால் அந்தத் தீர்ப்பு புத்தகங்களைப் பள்ளியிலிருந்து அகற்றச் சொல்லவில்லை. அத்தகைய புத்தகங்களைப் பயன்படுத்துமுன் அந்தப் பெற்றோருக்கு அறிவித்து, வேண்டாதவர் பிள்ளையை விலக்கிக்கொள்ள இடம் தர வேண்டும் என்பதே வழக்கு நடக்கும் காலத்துக்கான ஆணை. அதுவும் அந்நாட்டின் சமய உரிமையை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் குழுவின் மனுவோ எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எல்லாக் கதைகளையும் நிறுத்தச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். அதிலிருந்து பிள்ளையை விலக்க முடியாது. பாலியல் கல்வியிலிருந்து மட்டும் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். ஆசிரியை அம்மா சொன்ன பிரிவினை அங்கே சட்டமாகவே இருக்கிறது. நம் நாட்டில் பாடத்திலிருந்து விலக்குக் கோரும் உரிமையைத் தனியாகத் தரும் சட்டம் இல்லை. விலக்குக்கு இடம் தரும் அரசியலமைப்பின் 28(3) பிரிவு சமயப் போதனைக்கு மட்டுமே பொருந்தும். தேசிய கீதத்தைப் பாட மறுத்த மூன்று கேரளப் பிள்ளைகளை நீக்கியது செல்லாது என்று 1986-இல் வந்த தீர்ப்பைச் சிலர் எடுத்துக்காட்டலாம். அது தம் மனச்சான்றுக்கு எதிரானதைச் செய்ய அப்பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தியது பற்றியது, வகுப்பில் ஒரு கதையைக் கேட்பது பற்றியதன்று என்பது என் கருத்து.

வயது பற்றிய விவாதத்துக்கு மற்றொன்றும் பொருந்தும். பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து அல்லாமல் இன்னும் இளம் வயதிலிருந்தே தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று கருத்துத் தெரிவித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. தன்பாலீர்ப்புள்ள இணையர் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஆணையை எழுதினார். தமிழ்நாட்டு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட கண்ணியமான சொற்களின் பட்டியலுக்கும் அந்த வழக்குதான் வழிவகுத்தது. உங்கள் மகளுக்குச் சொல்லத் தமிழில் சொற்களைத் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

பதில் 5: திகளரபேட்டைக்காரர்

நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரில் உள்ள வன்னிகுலத்தார். சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோவிலிலிருந்து கரகம் புறப்படும்போது, அதைச் சுமப்பவர் புடவை கட்டி, வளையல் அணிந்து, மல்லிகைப் பந்தலோடு திரௌபதியாகவே வருவார். என் பேரன் நான்கு வயதிலிருந்து என் தோளில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறான். ஆண் ஏன் புடவை கட்டியிருக்கிறார் என்று ஒரே ஒருமுறை கேட்டான். அம்மன் அவர் மேல் இருக்கிறாள் என்றேன், கும்பிட்டான். அது வழிபாடு, வகுப்பறைப் பாடத்தோடு அதை நான் ஒன்றாக்க மாட்டேன். பிள்ளைகள் நாம் நினைக்கும் அளவுக்குக் கலங்கிவிடுவதில்லை என்பதைச் சொல்லவே எழுதினேன்.

பதில் 6: ஒயிட்ஃபீல்டு அப்பா

மர்ஃபி டவுன் அம்மா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பாட்டிலைப் பற்றி எனக்குப் பதில் இல்லை. உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் சொன்ன வேறுபாட்டையும் ஏற்கிறேன். நான் கேட்பது முன்னறிவிப்பும் விலக்கும். மனு கேட்பது ஒட்டுமொத்தத் தடை. அப்படியானால் அந்த மனுவில் நான் கையெழுத்திட முடியாது. ஆனால் இரண்டு அம்மாக்கள் உள்ள கதையை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதை நானும் என் மனைவியும்தான் முடிவு செய்வோம் என்ற நிலையிலிருந்து நான் நகரவில்லை. எங்கள் சமய நம்பிக்கையும் அதில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

பதில் 7: ராமமூர்த்தி நகர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. கையெழுத்திடவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்து நான்கு கதைகளையும் படித்தேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லையாம். இரண்டாவதும் மூன்றாவதும் நான் அஞ்சியதைவிட மிக எளிமையானவை. இரண்டு அம்மாக்களும் மொத்தம் ஒரே ஒரு பக்கத்தில், குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள். பரதக் கதைதான் சரியில்லை. அந்தச் சிறுவனை எல்லாரும் கேலி செய்வது ஆறு பக்கம் நீள்கிறது, கேலிச் சொற்கள் வரிசையாக வருகின்றன, கடைசிப் பக்கத்தில் கைதட்டுகிறார்கள். பிள்ளைகள் அந்த ஆறு பக்கத்தைத்தான் வேனுக்கு எடுத்துச் செல்வார்கள் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள், மாற்றுவார்களா என்பது தெரியவில்லை. வகுப்பாசிரியைக்கு என்ன பயிற்சி என்று கேட்டேன். ஒரு நாள், மூன்று மணி நேரம் என்றார்கள். அது போதாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகளிடம் ஆசிரியை அம்மா சொன்ன அதே சொற்களில் பேசினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவன்கிட்ட சாரி சொல்லணுமா?" என்றாள். நீயே முடிவு செய் என்றேன். இன்று மாலை வேன் வந்தபோது கவனித்தேன். அந்தப் பையன் இப்போதெல்லாம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் தனியாகத்தான் உட்கார்ந்து வருகிறான். இவள் இறங்குமுன் முன்பக்கம் போய் அவன் பெயரைச் சொல்லி, நாளைக்கு என்று ஏதோ சொன்னாள். அவன் திரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். முன்கூட்டியே கதைகளைக் காட்டுவது, ஆசிரியைகளுக்குப் போதிய பயிற்சி என்ற இரண்டை மட்டும் கேட்டு வேறொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு பேர் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள், என் கணவரையும் சேர்த்து. அந்தப் பையனின் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.